பொம்மைக்கு வந்த பணம்

"பொம்மைய வேகவெச்சா மேடம் புள்ளைங்களுக்கு ஊட்டறது?"

சூசைமேரி இப்படிக் கேட்டது சூப்பர்வைசர் பொற்கொடியை. ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு பால்வாடியில், இரண்டாயிரத்து எட்டாம் வருசம் மார்ச் மாதம் இருபத்தேழாம் தேதி. சூசைமேரி அங்கே ஆயா. வயது நாற்பத்தெட்டு. இருபத்தாறு பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டு, மூக்குத் துடைத்து, கால் கழுவிவிட்டுப் பதினாறு வருசம் ஓட்டியவள். வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள்.

பொற்கொடி மேசைமேல் ஒரு பழுப்புக் கவரை வைத்திருந்தார். அதில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். விளையாட்டுப் பொருள் வாங்க.

"ஆயா, சத்தம் போடாத. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள வாங்கிப் பில்லு குடுக்கணும். இல்லன்னா பணம் செத்துரும்."

"பணம் எப்படி மேடம் சாவும்?"

"செத்துரும்னா திரும்பிப் போயிரும். அவ்ளோதான்."

"போவட்டும் விடுங்க. நான் கேட்டது குக்கரு."

"குக்கருக்குத் தலைப்பு இல்ல. பொம்மைக்குத்தான் தலைப்பு இருக்குது."

பக்கத்தில் நின்ற பார்வதி டீச்சர், சூசைமேரியின் முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்தார். போதும் நிறுத்து என்று அர்த்தம். சூசைமேரி நிறுத்துகிற ஆளா?

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. பால்வாடி அடுக்களை என்பது பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஓடு போட்ட ஒரு பொந்து. சன்னல் கிடையாது. விறகடுப்பு. அரிசி வேக ஒரு மணி நேரம், பருப்பு வேக இன்னொரு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் புகை அவள் கண்ணுக்குள்தான் குடியிருக்கும். போன ஆடியில் ஓசூர் பெரியாஸ்பத்திரியில் கண் டாக்டரம்மா டார்ச்சு அடித்துப் பார்த்துவிட்டுப் பட்டென்று சொன்னார்: "இன்னும் ரெண்டு வருசம் இதே பொகையில நின்னா பார்வை போயிரும். ஒண்ணு வேலைய விடு, இல்ல அடுப்புகிட்ட நிக்கிற நேரத்தக் கொற." வேலையை விட்டால் சோற்றுக்கு என்ன செய்வது? புருசன் சவரியப்பன் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன். மாதத்தில் பாதி நாள் அவனுக்கு இடுப்புவலி. அதனால் அவள் மனதில் ஒன்றே ஒன்றுதான் நின்றது. பன்னிரண்டு லிட்டர் குக்கர். அது இருந்தால் முக்கால் மணியில் எல்லாம் வெந்துவிடும். கண்ணும் பிழைக்கும், வேலையும் பிழைக்கும்.

குக்கரை அவள் கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. போன புரட்டாசியில் ஆபீசிலிருந்து ஒரு தாள் வந்தது. அடுத்த வருசத்துக்கு இந்த மையத்துக்கு என்னென்ன தேவை என்று கேட்டிருந்தது. பாய் எத்தனை, எடை மெசின் எத்தனை, தட்டு எத்தனை என்று கட்டம் கட்டமாய் இருந்தது. குக்கருக்குக் கட்டம் இல்லை. சூசைமேரி டீச்சரின் பேனாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கடைசியில் "இதர" என்று இருந்த கட்டத்தில் "குக்கர் 12 லிட்டர் – 1" என்று டீச்சர் எழுதினார். அதற்குக் கீழே சூசைமேரி தன் கையெழுத்தைப் போட்டாள். ஆயா கையெழுத்துப் போட வேண்டிய இடமே அதில் இல்லை. இருந்தாலும் போட்டாள்.

"இது எங்க டீச்சர் போவும்?"

"ஒன்றியம் போவும், கிருஷ்ணகிரி போவும், மெட்ராஸ் போவும். அப்பறம் டில்லி. அங்க எல்லாத்தையும் கூட்டி, மாசி மாசத்துல பார்லிமெண்ட்ல படிப்பாங்க. அதான் பட்ஜெட்டு."

டீச்சர் சொன்னது தப்பில்லை. கேட்டவள் எடுத்துக்கொண்டதுதான் வேறு மாதிரி. எல்லாத்தையும் படிப்பார்கள் என்றால் எல்லாத்தையும்தானே? தன் பேரோடு, தன் கையெழுத்தோடு போன குக்கரையும் மந்திரி படிப்பார் என்று சூசைமேரி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

மாசியும் வந்தது. பிப்ரவரி இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. சாம்பாரை அடுப்பில் விட்டுவிட்டு, எதிரே வெங்கடப்பன் மளிகைக்கடையில் போய் நின்றாள். அங்கே டிவி ஓடிக்கொண்டிருந்தது. நைட் ஷிப்ட் முடித்த கம்பெனிப் பையன்கள் நாலு பேர், வண்டி விலை இறங்குமா என்று பார்க்கக் காத்திருந்தார்கள். மந்திரி இங்கிலீசில் படித்துக்கொண்டே போனார். தண்ணீர் குடித்தார். மறுபடி படித்தார்.

"ஏனக்கா, உனக்கு என்ன இதுல?" என்றார் வெங்கடப்பன். அவருக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் எல்லா பாஷையும்.

"என் குக்கர் வரும்ணா. இரு."

பையன்கள் சிரித்தார்கள். ஒருத்தன், "ஆயா, குக்கர் பாத்திரக்கடையில வரும், டிவில வராது" என்றான்.

"நீ போய்த் தூங்குடா மொதல்ல. கண்ணு செவந்து கெடக்குது."

அரை மணி நேரம் நின்றிருப்பாள். சட்டென்று அந்த இங்கிலீசுக்கு நடுவே "அங்கன்வாடி" என்று ஒரு வார்த்தை விழுந்தது. பால்வாடிக்கு ஆபீசில் சொல்கிற பேர் அது. அவள் டிவிக்குக் கிட்டே போனாள். கொஞ்ச நேரத்தில் டிவிக்கு அடியில் தமிழில் எழுத்து ஓடியது. வெங்கடப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தார். டீச்சருக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ஆகிறதாம். ஆயாவுக்கு ஐந்நூறு, எழுநூற்று ஐம்பது ஆகிறதாம். டில்லி தருகிற பங்கு அது. மெட்ராஸ் தருகிறது தனி.

"இருநூத்தி அம்பது கூட்டிட்டாங்கக்கா! எல்லாருக்கும் டீ சொல்லு!"

"குக்கரப் பத்தி ஒண்ணும் சொல்லலயா?"

"சம்பளம் கூடுதுங்கறன், குக்கருங்கற!"

சூசைமேரி டீயும் சொல்லாமல், சிரிக்கவும் சிரிக்காமல் திரும்பி வந்தாள். சாம்பார் அடிப்பிடித்திருந்தது. அன்று முழுக்க அவளுக்கு ஒரே குழப்பம். கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று. யாரும் கேட்காமலே சம்பளம் கூட்டுவார்களா? நம் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி காபித்தூள் கேட்டால் தேங்காயா கொடுத்தனுப்புவோம்? யோசித்து யோசித்துக் கடைசியில் அவளே ஒரு பதில் கண்டுபிடித்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து குக்கரை யார் தூக்கிக்கொண்டு வருவது? அதனால் காசாகக் கொடுக்கிறார்கள். மாதம் இருநூற்று ஐம்பது, தவணை முறையில். நீயே வாங்கிக்கொள் என்று.

சவரியப்பனிடம் சொன்னாள். அவன் பாயிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னான்: "நாடு பூரா லச்சக்கணக்குல ஆயாங்க இருக்கறாளுங்க மேரி. அத்தன பேருமா குக்கர் கேட்டாளுங்க?"

"கேட்டிருப்பாளுங்க. எல்லா ஊர்லயும் பொகதான?"

அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இந்த நிலைமையில்தான் மார்ச் இருபத்தேழாம் தேதி பொற்கொடி வந்து, பொம்மைக் கவரை மேசையில் வைத்தார். குக்கர் இல்லை, கூட்டின சம்பளமும் இன்னும் வரவில்லை, நடுவில் பொம்மை எங்கிருந்து வந்தது? சூசைமேரிக்கு மண்டை காய்ந்தது. பொற்கொடியும் கெட்டவர் இல்லை. முப்பது பால்வாடிக்கு முப்பது கவர் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அலைகிற பெண். உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பொறுமையாய்ச் சொன்னார்.

"கேளு ஆயா. டில்லில வரி எவ்ளோ வரும்னு பாப்பாங்க. எந்தத் துறைக்கு எவ்ளோ வேணும்னு பாப்பாங்க. ரெண்டும் ஒத்துவராது. கொஞ்சம் வெட்டுவாங்க, பத்தாததுக்குக் கடன் வாங்குவாங்க..."

"கவர்மெண்டே கடன் வாங்குதா?"

"வாங்கும். வருசா வருசம்."

"கடன் வாங்கியா எனக்குக் கூட்டறாங்க? அய்யோ, எனக்கு வேணாம் மேடம்!"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பினார்.

"முழுசாக் கேளு. அப்பறம் தலைப்பு தலைப்பாப் பிரிப்பாங்க. சம்பளம் ஒரு தலைப்பு. கட்டடம் ஒரு தலைப்பு. வெளையாட்டுப் பொருள் ஒரு தலைப்பு. ஒண்ணுக்கு வந்தத இன்னொண்ணுக்கு எடுக்கக்கூடாது. ஏப்ரல் ஒண்ணுல ஆரம்பிச்சு மார்ச் முப்பத்தொண்ணுல வருசம் முடியும். முடியறதுக்குள்ள செலவு பண்ணணும். இந்த வருசத்துது இப்பதான் வந்து சேந்துது, நான் என்ன பண்ண?"

"எங்கூட்ல மொளகா டப்பால இருக்கற காச எடுத்து உப்பு வாங்குவன். அதுக்காக ஊடு இடிஞ்சா போச்சு?"

"அதனாலதான் நீ ஆயாவா இருக்கற, அவரு மந்திரியா இருக்கறாரு."

"சரி, பொம்மைய ஆயிரத்துக்கு முடிச்சுட்டு மிச்சம் ஐந்நூற..."

"மிச்சம் பிடிச்சயோ, அவ்ளோதான். இவங்களுக்கு ஆயிரமே போதும்னு அடுத்த வருசம் வெட்டிருவாங்க. முழுசா செலவு பண்ணு."

மிச்சம் பிடித்தால் தண்டனை, செலவழித்தால் நல்ல பேர். இது எந்த ஊர்க் குடித்தனம் என்று சூசைமேரிக்குப் புரியவில்லை. கவரை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். கையெழுத்தும் போட்டாள்.

சனிக்கிழமை டீச்சருக்குக் கிருஷ்ணகிரியில் மீட்டிங். அதனால் பொம்மை வாங்க சூசைமேரிதான் போனாள். எங்கே போனாள்? ஓசூரில் இருக்கிற எந்தப் பெண்ணும் பாத்திரம், பிளாஸ்டிக், பாய் தலையணை வாங்க எங்கே போவாளோ அங்கேதான் போனாள். அத்திப்பள்ளிக்கு. செக்போஸ்ட் தாண்டினால் கர்நாடகம். பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கே ரூபாய்க்கு ஓரணா குறையும் என்று இங்கே எல்லோருக்கும் நினைப்பு. குறைகிறதோ இல்லையோ, போய்விட்டு வந்தால் ஒரு திருப்தி. சூசைமேரியின் கல்யாணப் பாத்திரத்திலிருந்து வீட்டுத் துடைப்பம்வரை அங்கே வாங்கினதுதான். வேறு ராஜ்ஜியம் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை. பஸ் போர்டில் எழுத்து மாறும், அவ்வளவுதான்.

பழகின கடை. பிளாஸ்டிக்கும் பாத்திரமும் ஒரே கடையில். கடைக்காரர் கன்னடக்காரர், அவளிடம் தமிழில் பேசுவார், விலையை மட்டும் கன்னடத்தில் சொல்லுவார். சறுக்குமரம் ஒன்று, பந்து ஆறு, மரக்கட்டை எழுத்துப் பெட்டி இரண்டு, ஆடுகிற குதிரை ஒன்று. பேரம் பேசிச் சரியாய் ஆயிரத்து ஐந்நூறுக்கு முடித்தாள். ஒரு ரூபாய் மிச்சம் வைக்கவில்லை. "பில்லு போடுண்ணா, கவர்மெண்டுக்கு" என்று மறக்காமல் கேட்டு வாங்கினாள். சறுக்குமரத்தைப் பஸ் மேலே ஏற்றக் கண்டக்டரோடு ஒரு சண்டை. அதைத் தனியாய்ச் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை முப்பத்தொன்றாம் தேதி. பொற்கொடி பன்னிரண்டு மணிக்கு வந்தார். பொம்மைகளைப் பார்த்து, "பரவால்லயே ஆயா, நல்லா வாங்கியிருக்கற" என்றார். பில்லைக் கையில் எடுத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இது என்ன எழுத்து?"

"கன்னடம் மேடம்."

"எங்க வாங்கின?"

"அத்திப்பள்ளில."

பொற்கொடி தலையில் கைவைத்துக்கொண்டு சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். அது பிள்ளைகள் நாற்காலி. முனகியது.

"வெளி மாநிலப் பில்லு பாஸ் ஆவாது ஆயா. ஆடிட்ல நிக்காது. இந்த ஊர்க் கடை, இந்த ஊர் வரி நம்பரு, அதான் வேணும்."

"டில்லிப் பணம்தான மேடம்? டில்லிக்கு அத்திப்பள்ளி வேற, ஓசூர் வேறயா?"

பொற்கொடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நல்ல பில்லு, இல்லன்னா பணம். ரெண்டுல ஒண்ணு ஆபீசுக்கு வந்தாவணும். இல்லன்னா உன் பேருல நிக்கும், என் பேருலயும் நிக்கும்."

அத்திப்பள்ளிக்குப் போய்ப் பணத்தைத் திருப்பி வாங்கி வர நேரம் இல்லை. கடைக்காரர் தரவும் மாட்டார். பார்வதி டீச்சர், "வெங்கடப்பன்கிட்ட ஒரு பில்லு எழுதி வாங்கிரலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். "அவரு அரிசி பருப்பு விக்கறவரு டீச்சர். சறுக்குமரம் வித்தன்னு எழுதினா நாளைக்கு அவரு கழுத்துக்குத்தான் கயிறு" என்று சூசைமேரியே வேண்டாம் என்றுவிட்டாள்.

வீட்டுக்கு நடந்தாள். பீரோவில் துணிக்கடியில் சரியாய் ஆயிரத்து ஐந்நூறு இருந்தது. அடகில் இருக்கிற கம்மலை மீட்கச் சேர்த்தது. சவரியப்பன் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான்.

"எங்க எடுத்துக்கினு போற?"

"டில்லிக்கு."

"ஏன்டி, டில்லி உனக்குக் குடுக்குதா, நீ டில்லிக்குக் குடுக்கறயா?"

"அதான் எனக்கும் தெர்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலரைக்குப் பணம் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதற்கு ஒரு சீட்டு எழுதித் திரும்பச் செலுத்தினார்கள். பொம்மைப் பணம் செத்தது. சறுக்குமரமும் குதிரையும் பந்தும் இப்போது சூசைமேரியின் சொந்தச் சொத்து. நாற்பத்தெட்டு வயதில்.

அன்று ராத்திரி அவள் அழுதாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவள் கண்ணில் தண்ணீர் எப்போதுமே உண்டு, அது புகைத் தண்ணீர். மறுநாள் மத்தியானம் பிள்ளைகள் தூங்கினதும், ஒரு ஆட்டோ பிடித்துப் பொம்மைகளைத் திரும்ப அத்திப்பள்ளிக்குக் கொண்டுபோனாள். நாலு பந்தை மட்டும் பிள்ளைகள் விடவில்லை.

"துட்டு திரும்பக் குடுக்கமாட்டேன்மா" என்றார் கடைக்காரர். "வேற சாமான் எடுத்துக்கோ. அதே வெலைக்கு."

சூசைமேரி அண்ணாந்து பார்த்தாள். மேல் தட்டில் பன்னிரண்டு லிட்டர் குக்கர் உட்கார்ந்திருந்தது, அட்டைப்பெட்டி பிரிக்காமல். பொம்மைக் காசே குக்கராகும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பந்துக்குப் பிடித்தது, குக்கர் விலையில் கூடினது எல்லாம் சேர்த்துக் கைக்காசு கொஞ்சம் போட்டு, ஆட்டோவில் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு செக்போஸ்ட்டைத் தாண்டினாள்.

அடுத்த நாளிலிருந்து பால்வாடியில் விசில் சத்தம். முதல் விசிலுக்கு இருபத்தாறு பிள்ளைகளும் ஓடி வந்து வாசலில் நின்றார்கள். பொம்மையே வேண்டியிருக்கவில்லை. சோறு பருப்பு இரண்டும் முக்கால் மணியில் முடிந்தது. ஆனால் பார்வதி டீச்சருக்கு ஒரு புதுக் கவலை. "இத எந்த ரிஜிஸ்டர்ல ஏத்தறது ஆயா? எந்தத் தலைப்புலயும் வாங்கல. ஏத்தினா எங்கிருந்து வந்துதுன்னு கேப்பாங்க." அதனால் ஏற்றவில்லை. சாயங்காலம் ஆனால் சூசைமேரி குக்கரைக் கழுவி, அரிசிச் சாக்கில் போட்டு இடுப்பில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். காலையில் கொண்டுவருவாள். வழியில் பார்க்கிறவர்கள், ஆயா அரிசி கடத்துகிறாள் என்று பேசினார்கள். பேசட்டும் என்று விட்டாள்.

கூட்டின சம்பளம் புரட்டாசியில் வந்தது. ஏப்ரலிலிருந்து ஆறு மாதப் பாக்கி மொத்தமாய். ஆறு இருநூற்று ஐம்பது, ஆயிரத்து ஐந்நூறு. சூசைமேரி அந்தப் பணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திரும்பிப் போனதும் ஆயிரத்து ஐந்நூறு. வந்ததும் ஆயிரத்து ஐந்நூறு. செத்துப்போனதுதான் வேறு வழியாய் நடந்து வந்திருக்கிறதா? அப்படியென்றால் குக்கர் வாங்கிக் கொடுத்தது டில்லியா, நானா? சவரியப்பனைக் கேட்டாள். "கம்மல மீட்டியா? அத்தோட விடு" என்றான். டீச்சரைக் கேட்டாள். டீச்சர் ரொம்ப நேரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "எனக்கும் கொழப்பமாத்தான் இருக்குது ஆயா" என்றார். படித்தவருக்கே அந்தக் கதி.

ஐப்பசியில் கண் டாக்டரம்மா டார்ச்சு அடித்துப் பார்த்து, "சிவப்பு கொறஞ்சிருக்குதே, வேலைய விட்டுட்டியா?" என்றார். "விடல டாக்டரம்மா" என்றாள். அவளுக்கு அதுவே போதும்.

அந்த மாதமே ஆடிட்டுக்கு ஒருத்தர் வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். பாயை எண்ணினார், தட்டை எண்ணினார், எடை மெசின்மேல் தானே ஏறி நின்று பார்த்தார். எல்லாம் சரியாய் இருந்தது. கிளம்பப் போனவரை, பின்பக்கத்திலிருந்து குக்கர் விசில் அடித்துக் கூப்பிட்டது. நேரே அடுக்களைக்கு வந்தார். ரிஜிஸ்டரைப் புரட்டினார். குக்கரைப் பார்த்தார். பார்வதி டீச்சர் சுவரோடு சுவராய் ஒட்டிக்கொண்டார்.

"ஆயாம்மா, இது எந்தத் தலைப்புல வாங்கினது?"

"அதான் சார் எனக்கும் தெர்ல" என்றாள் சூசைமேரி. "குக்கர் வேணும்னு எழுதிக் குடுத்தன். சம்பளத்தக் கூட்டுனாங்க. கூட்டுனது வரல, பொம்மைக்கு வந்துது. பொம்மை வாங்குனன், கன்னடத்துல பில்லு குடுத்துட்டாரு. பொம்மைப் பணம் செத்துப்போச்சு. எங்காசு டில்லிக்குப் போச்சு. அப்பறம் டில்லிக் காசு எங்கிட்ட வந்துது. நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க, இது யாரு குக்கரு?"

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுக்களையில் புகை அவ்வளவாய் இல்லை, இருந்தாலும் துடைத்தார். ரிஜிஸ்டரை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எங்கூட்லயும் ஒண்ணு வாங்கணும்னு சொல்லிக்கினு இருக்கறாங்க" என்றார். "என்னம்மா வெல?"

"அத்திப்பள்ளில ஆயிரத்து அறுநூத்தி நாப்பது சார்."